கடல்நீர்த் தொட்டியில் டாம்செல் மீன் வளர்த்தல்

(புதிதாகத் தொடங்குவோர்க்கான குறிப்புகள்)

பசுந்தாட் பசளையை உழுது மடக்கிய வயலில் அன்றே நாற்று நடும் கமக்காரர் இல்லை. தழை உக்குவதற்கு இரண்டு கிழமையேனும் விட்டு, அதன் பின்னரே நடுகை தொடங்கும். உக்காத தழை சேற்றிற் கிடக்கும்போது நட்ட நாற்று மஞ்சளித்து வாடும் என்பது அனுபவத்தாற் கண்ட உண்மை. வீட்டிற் கடல்நீர்த் தொட்டி அமைத்து மீன் வளர்க்க விரும்புவோர் கற்கவேண்டிய முதற் பாடமும் இதுவேயாகும்.

அழகுக்காக வளர்க்கப்படும் கடல் மீன்களுள் டாம்செல் மீன் வன்மை மிக்கது. ஏனையவற்றிலும் விலை குறைந்தது. கண்ணைக் கவரும் நிறமுடையது. ஆகவே புதியவர்க்கு ஏற்ற மீன் இதுவே எனப் பலரும் கூறுவர். அக்கூற்றிற் பிழையில்லை. ஆனால், “வன்மையான மீன், எந்த நீரிலும் பிழைக்கும்” என்று விளங்கிக்கொள்வதிற்றான் பிழை உண்டு. வன்மை என்பது சிறு குறைகளைத் தாங்கும் ஆற்றலே. நஞ்சு நிறைந்த நீரிற் பல நாள் வாழ எந்த மீனாலும் இயலாது.

1. வழக்கமாக நேரும் தவறு

ஒருவர் காலையில் தொட்டி வாங்குகிறார். நண்பகலில் உப்பைக் கரைக்கிறார். மாலையில் மூன்று டாம்செல் மீன்களை விடுகிறார். முதல் இரு நாட்களும் எல்லாம் நலமாகத் தோன்றும். மூன்றாம் நாள் நீர் வெண்மையாகக் கலங்கும். ஒரு கிழமைக்குள் மீன்கள் நீரின் மேற்பரப்பிற்கு வந்து வாயைத் திறந்து மூடும். பூக்கள் செந்நிறமாகக் கன்றும். இரண்டு மீன்கள் மடியும், ஒன்று தப்பும்.

தப்பிய மீனைக் கண்டு தொட்டி சரியாகிவிட்டதென அவர் மகிழ்வார். ஆயின் அம்மீனின் பூக்கள் அமோனியாவினால் வெந்து போனவை. அது வாழ்ந்தாலும் நோய்க்கு இலகுவில் இரையாகும். மேலும், தொட்டி முழுவதையும் தன் காணியாகக் கொண்டு, பின்னர் விடப்படும் மீன் ஒவ்வொன்றையும் துரத்திக் கடிக்கும். ஒரு நாளின் அவசரத்தினால் இரண்டு மீன்களும் பணமும் வீணாயின. தொட்டியும் ஒரு மீனின் ஆட்சிக்கு உட்பட்டது.

புதிய தொட்டியைப் பழுக்கவைப்பதற்கெனவே டாம்செல் மீனை விடும் வழக்கம் முன்னர் பல நாடுகளிலும் இருந்தது. மீனின் கழிவே தொட்டிக்குப் பசளை என்பது அதன் கருத்து. மீனின்றியே தொட்டியைப் பழுக்கவைக்கும் முறை இன்று நன்கறியப்பட்டுள்ளதால், அவ்வழக்கம் கைவிடப்பட வேண்டியதாகும்.

2. டாம்செல் மீனின் இயல்பு

டாம்செல் மீன்கள் பொமசெந்திரிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தில் ஏறக்குறைய 400 இனங்கள் உள. கடற்சாமந்தியினுள் வாழும் கோமாளி மீனும் இக்குடும்பத்ததே. பெரும்பாலானவை வெப்பவலயக் கடல்களிற் பவளப்பாறைகளை அடுத்து, ஆழங்குறைந்த நீரில் வாழ்வன. இலங்கையைச் சூழ்ந்த பாறைகளிலும் பல இனங்கள் காணப்படும்.

இவற்றுட் சில உண்மையிலேயே பயிர் செய்வன என்பதைக் கமக்காரர் வியப்புடன் அறிவர். ஸ்டெகாஸ்டெஸ் என்னும் சாதியைச் சேர்ந்த சில இனங்கள் பாறையில் ஒரு துண்டைத் தெரிந்து, அங்கே தமக்கு உணவான பாசியை வளர்க்கும். வேண்டாத பாசி முளைத்தால் அதனைக் கடித்தெடுத்து எல்லைக்கு வெளியே கொண்டு போய் விடும். அஃதாவது களை பிடுங்கும். மத்திய அமெரிக்காவிலுள்ள பெலீசு நாட்டின் கடலில் நிகழ்ந்து 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று மேலும் ஒரு செய்தியைத் தந்தது. அங்குள்ள ஓரினம் தன் பாசித் தோட்டத்தின்மேல் சிறு இறால் போன்ற உயிரிகளைக் கூட்டமாகத் தங்கவிட்டு, அவற்றை வேறு மீன்கள் தின்னாது காக்கும். அவ்வுயிரிகளின் கழிவு பாசிக்கு எருவாகும். மாட்டுப்பட்டி அடைத்து நிலத்திற்கு எருவூட்டும் முறையை இது ஒத்தது.

தோட்டமுடையோர்க்கு வேலி வேண்டும். கட்டாக்காலி மாட்டைக் கமக்காரர் துரத்துவது போலவே இம்மீனும் தன்னினும் பெரிய மீனையும், சிலவேளை நீரினுள் நீளும் மனிதக் கையையும் எதிர்க்கும். தோட்டம் செய்யாத டாம்செல் இனங்களும் ஒதுங்குமிடத்திற்காக இவ்வாறே போரிடும். இது தீய குணமன்று, பிழைக்கும் வழி. இதனை அறிந்தே மீன்களைத் தெரிதலும் தொட்டியை அமைத்தலும் வேண்டும்.

3. தொட்டியும் இடமும்

சிறு தொட்டியைப் பராமரித்தல் இலகு என எண்ணுதல் தவறு. நீர் குறைந்தால் உப்பும் வெப்பமும் விரைவாக மாறும். சண்டையில் தோற்ற மீனுக்கு ஒதுங்க இடமும் இராது. 75 சென்ரிமீற்றர் நீளமும், 40 சென்ரிமீற்றர் அகலமும், 40 சென்ரிமீற்றர் உயரமுமுள்ள கண்ணாடித் தொட்டி 120 லீற்றர் கொள்ளும். கல்லும் மணலும் இட்டபின் ஏறக்குறைய 100 லீற்றர் நீர் நிற்கும். புதியவர்க்கு இவ்வளவு போதுமானது. இதன் மொத்த நிறை 150 கிலோகிராமுக்கு மேற்படுமாதலால், மட்டமான உறுதியான தாங்கி வேண்டும். நேர்வெயில் படும் யன்னலோரம் விலக்கத்தக்கது.

வடிகட்டி ஒன்றும், நீரை அசைக்கும் சிறு பம்பி ஒன்றும், வெப்பமானி ஒன்றும், நீரின் அடர்த்தியை அளக்கும் நீரமானி ஒன்றும், அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று ஆகியவற்றைச் சோதிக்கும் மருந்துப்பெட்டி ஒன்றும் இன்றியமையாதவை. சோதனைப் பெட்டியை வாங்காது பணத்தை மிச்சம் பிடிப்பவர் அதனிலும் கூடிய பணத்தை மடிந்த மீன்களில் இழப்பர்.

நீரின் வெப்பநிலை 24 முதல் 28 பாகை செல்சியசு வரை இருத்தல் நன்று. நுவரெலியா போன்ற மலைப்பகுதிகளில் நீரைச் சூடாக்கும் கருவி தேவைப்படும். தாழ்நிலத்திலோ கோடையில் நீர் 30 பாகையைக் கடப்பதே இடர். வெப்பம் ஏற ஏற நீரிற் கரைந்துள்ள ஒட்சிசன் குறையும். மேற்பரப்பில் மின்விசிறிக் காற்றுப் படச் செய்தால் நீர் ஓரளவு குளிரும்.

4. உப்பும் நீரும்

கடல் நீரின் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புக்கள் உள. கறியுப்பைக் கரைத்தாற் கடல் நீராகும் என்று எண்ணலாகாது. உப்பளத்திற் கடல் நீர் வற்றும்போது சோடியம் குளோரைட்டே பெரும்பாலும் பளிங்காகப் படியும். மகனீசியம் முதலியன எஞ்சிய கசப்பு நீரோடு அகற்றப்படும். ஆகவே உப்பளத்து உப்பு சமையலுக்கு நன்று, மீனுக்கு ஆகாது. மீன்தொட்டிக்கெனச் செய்யப்பட்ட உப்புக் கலவையை 100 லீற்றர் நீருக்கு ஏறக்குறைய 3.5 கிலோகிராம் வீதம் கரைத்து, நீரமானி 1.023 முதல் 1.025 வரை காட்டுமாறு திருத்திக் கொள்ளல் வேண்டும். முதன்முறை தொட்டியிலேயே கரைக்கலாம். பின்னர் மீனுள்ள தொட்டியில் ஒருபோதும் உப்பைக் கொட்டலாகாது. வேறு வாளியிற் கரைத்து ஒரு நாள் காற்றூட்டிய பின்னரே ஊற்றல் வேண்டும்.

உப்பைக் கரைக்கும் நன்னீரிலும் கவனம் தேவை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் கற்பிட்டியிலும் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்துள்ளது. பயிருக்கு இட்ட பசளையின் மிகுதி நீரோடு கீழிறங்கி நிலத்தடி நீரிற் சேர்ந்தமையே இதற்குக் காரணம். இந்நீர் தொட்டியிற் பாசியைப் பெருக்கும். குழாய் நீரிற் குளோரின் இருக்கும். கிராமங்களில் ஆர்.ஓ. தண்ணீர் என விற்கப்படும் சுத்திகரித்த நீர் மிகவும் ஏற்றது. ஓட்டுக்கூரையிலிருந்து, முதல் மழைகளைக் கழியவிட்டுச் சேர்த்த மழைநீரும் பயன்படும். தகரக்கூரை நீரில் நாகம் கலந்திருக்கலாமாதலால் அது விலக்கத்தக்கது.

கடற்கரையை அடுத்து வாழ்வோர் கடல் நீரையே கொண்டுவரலாம். ஆற்று முகம், துறைமுகம், நகர வாய்க்கால் ஆகியவற்றிற்குத் தொலைவில், மழையற்ற காலத்தில் அதனை முகந்து, துணியால் வடித்து, இருட்டில் இரண்டு கிழமை மூடிவைத்துத் தெளிந்தபின் பயன்படுத்தல் வேண்டும்.

தொட்டியில் நீர் நாள்தோறும் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. கோடையில் உவர் வயலின் நீர் வற்ற வற்ற உப்புக் கடுமையாவதைக் கண்டோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. கண்ணாடியில் நீர்மட்டத்திற்கு ஓர் அடையாளமிட்டு, குறைந்த அளவிற்கு நன்னீர் மாத்திரமே ஊற்றி வரல் வேண்டும். உப்பு நீரை ஊற்றினால் உப்பு நாளுக்கு நாள் ஏறும்.

5. தொட்டியைப் பழுக்கவைத்தல்

இதுவே இத்துண்டுப் பிரசுரத்தின் தலையாய பகுதியாகும்.

மேட்டுநிலத் தோட்டத்தில் இட்ட யூரியா முதலில் அமோனியாவாகும். மண்ணிலுள்ள ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக மாற்றும். வேறொரு வகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். இப்பற்றீரியாக்களை 1890ஆம் ஆண்டளவில் உருசிய அறிஞர் செர்கேய் வினோகிராட்சுகி பிரித்தெடுத்துக் காட்டினார். தொட்டியில் நிகழ்வதும் இதே மாற்றமே. மீன் தன் பூக்கள் வழியாக அமோனியாவை வெளிவிடும். தின்னாது விட்ட உணவும் அழுகி அமோனியாவாகும். கடல் நீரின் பீ.எச். பெறுமானம் 8க்கு மேற்பட்டிருப்பதால் அமோனியாவின் நஞ்சு நன்னீரிலும் இங்கு கடுமையாகும். அதனை மாற்றுதற்குரிய பற்றீரியா புதிய தொட்டியிற் போதியளவு இராது. மீன் மடிவதன் காரணம் இதுவே.

இப்பற்றீரியாக்களுக்கு ஒட்சிசன் வேண்டும். நீர் தேங்கிய வயற்சேற்றில் அமோனியா எளிதில் நைத்திரேற்றாக மாறாமைக்குக் காரணம் அங்கே ஒட்சிசன் இன்மையே. ஆகவே தொட்டியின் வடிகட்டி இரவும் பகலும் ஓடிக்கொண்டேயிருத்தல் வேண்டும்.

செய்யும் முறை வருமாறு:

(அ) தொட்டியில் நன்கு கழுவிய சிப்பி மணலை இரண்டு சென்ரிமீற்றர் தடிப்பிற்குப் பரப்பி, கற்களை அடுக்கி, உப்பு நீர் நிரப்பி, வடிகட்டியை ஓடவிடுக. சுண்ணக்கல் ஏற்றது. தோட்டத்திற் கிடந்த கல்லிற் பசளையும் மருந்தும் ஊறியிருக்குமாதலால் அதனை எடுக்கலாகாது.

(ஆ) தூய அமோனியம் குளோரைட்டை 100 லீற்றர் நீருக்கு 0.6 கிராம் வீதம் கரைத்து இடுக. இது நீரில் அமோனியாவை மில்லியனுக்கு ஏறக்குறைய 2 பங்காக்கும். அது கிடையாவிடின் தோல் நீக்கிய பச்சை இறால் ஒன்றைத் துணியிற் கட்டித் தொங்கவிடலாம். தோட்டத்து யூரியாவை இடலாகாது. அது அமோனியாவாக மாறும் வேகமும் அளவும் கைக்குள் அடங்கா.

(இ) இரண்டு நாளைக்கு ஒருமுறை நீரைச் சோதித்து எழுதி வருக. முதலில் அமோனியா காணப்படும். அது குறையும்போது நைத்திரைற்று ஏறும். பின்னர் அதுவும் குறைந்து நைத்திரேற்று ஏறும்.

(ஈ) அமோனியாவும் நைத்திரைற்றும் மறைந்தபின், மீண்டும் முன்னைய அளவில் அமோனியம் குளோரைட்டை இடுக. 24 மணி நேரத்துள் இரண்டும் பூச்சியமாயின் தொட்டி பழுத்துவிட்டது. ஆகாவிடின் மேலும் பொறுத்தல் வேண்டும். இதற்கு வழக்கமாக 4 முதல் 6 கிழமை செல்லும்.

(உ) பாதி நீரை மாற்றி நைத்திரேற்றைக் குறைத்தபின் மீனை வாங்கச் செல்க.

6. மீனைத் தெரிதல்

மஞ்சள்வால் டாம்செல்: நீல உடலும் மஞ்சள் வாலும் உடையது. 7 சென்ரிமீற்றர் வரை வளரும். இந்தோனேசியா, பிலிப்பைன் முதலிய நாடுகளின் கடல்களுக்கு உரியது. டாம்செல் மீன்களுட் சாந்தமானது. புதியவர்க்கு முதற்றெரிவு இதுவே.

பச்சைக் குரோமிசு: இளம்பச்சை நிறத்தது. கூட்டமாக வாழ்வது, பிற மீன்களைத் துன்புறுத்தாது. ஆயின் சிறு தொட்டியில் தன் கூட்டத்துள் வலிகுன்றியதைக் கொத்தும். இதற்குப் பெரிய தொட்டியே ஏற்றது.

முப்புள்ளி டாம்செல்: குஞ்சாயிருக்கையிற் கரிய உடலில் மூன்று வெண்புள்ளிகளுடன் மிக அழகாயிருக்கும். வளர்ந்தபின் 14 சென்ரிமீற்றர் வரை நீண்டு, புள்ளி மங்கி, தொட்டிக்கே அரசனாகும். கரிய வரிகளுடைய வரி டாம்செலும் கடுஞ்சண்டைக்காரன். இவ்விரண்டையும் புதியவர் விலக்கல் நன்று.

மேற்கூறிய அளவுள்ள தொட்டிக்குக் கோமாளி மீன் சோடி ஒன்றும் மஞ்சள்வால் டாம்செல் ஒன்றும் போதும். சாந்தமானவற்றை முதலிலும் சண்டைக்காரனை இறுதியிலும் விடுதல் வேண்டும். எனவே கோமாளி மீன்களை முதலில் விட்டு, மூன்று கிழமை கழித்து டாம்செலை விடுக. அன்று கற்களை இடம் மாற்றி அடுக்கினால் பழைய எல்லைகள் குலைந்து, எல்லா மீன்களும் புதிதாக இடந்தேடும், சண்டை குறையும். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பொந்துக்கு மேல் இருக்குமாறு கற்களை அடுக்குக.

வாங்கும்போது மீன் உணவு தின்பதை நேரிற் காண்க. உடல் மெலிந்ததையும், மூச்சு விரைந்ததையும், வெண்புள்ளி உடையதையும் வாங்கலாகாது. வாங்கிய மீனைத் தனியான சிறு தொட்டியில் நான்கு கிழமை வைத்துப் பார்த்தபின்னரே பெருந்தொட்டிக்கு மாற்றுக. வெண்புள்ளி நோய் ஒருமுறை பெருந்தொட்டியுட் புகுந்தால் அதனை ஒழித்தல் மிகக் கடினம். விடும்போது பையை 20 நிமிடம் நீரில் மிதக்கவிட்டு, பின்னர் தொட்டி நீரைச் சிறிது சிறிதாக ஒரு மணி நேரம் பைக்குட் சேர்த்து, மீனை மாத்திரம் வலையால் எடுத்து விடுக.

7. அன்றாடப் பராமரிப்பு

நாளுக்கு இருமுறை, இரண்டு நிமிடத்துள் தின்று முடிக்கும் அளவே உணவிடுக. உலர் உணவுடன் பொடியாக நறுக்கிய இறாலும் இடலாம். மிஞ்சிய உணவு மீனுக்கு உதவாது, அமோனியாவிற்கே உதவும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரையான நீரை மாற்றுக. வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரிற் கழுவினாற் குளோரினாற் பற்றீரியா மடியும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக.

2022ஆம் ஆண்டில் இலங்கையின் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டதுண்டு. அத்தகைய வேளையில் மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பி மீனின் உயிரைக் காக்கும். அதுவும் இல்லாதோர் நீரைக் குவளையால் முகந்து உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருத்தல் வேண்டும். அந்நேரம் உணவிடலாகாது.

8. தோட்ட மருந்தும் மீனும்

கமக்காரர் வீட்டுத் தொட்டிக்குரிய தனி இடர் ஒன்று உண்டு. பைரித்திரோயிட்டு வகைப் பூச்சிநாசினிகள் மிகச் சிறு அளவிலேயே மீனைக் கொல்வன. நுளம்புச் சுருளிலும் நுளம்பு விரட்டும் தெளிமருந்திலும் இவ்வகையே பெரும்பாலும் உண்டு. செப்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் சேர்ந்த போடோக் கலவையின் செப்பு, இறால், நத்தை முதலியவற்றுக்குக் கொடிய நஞ்சாகும். ஆகவே மருந்து தெளித்த நாளிற் குளித்து உடை மாற்றாமல் தொட்டியைத் தொடலாகாது. மருந்து கலக்கிய வாளியை எவ்வளவு கழுவினாலும் தொட்டிக்குப் பயன்படுத்தலாகாது. தொட்டிக்கென ஒரு வாளியை அடையாளமிட்டு வேறாக வைக்க. தொட்டியுள்ள அறையில் நுளம்புச் சுருள் கொளுத்தலாகாது.

9. கடலின் செல்வம்

1998ஆம் ஆண்டிற் கடல் மிக வெப்பமடைந்தமையால் இலங்கையின் பவளப்பாறைகள் பல வெளிறி மடிந்தன. எஞ்சியவை நமது மீன்வளத்தின் நாற்றுமேடைகள். தொட்டியை அழகுபடுத்தக் கடலிற் பவளத்தை உடைத்தெடுத்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவு 2003ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாக்கப்பட்டது. அங்கிருந்து மீனோ கல்லோ எடுத்தல் குற்றம். கடற்சாமந்தியையும் புதியவர் வாங்கலாகாது. கோமாளி மீன் அஃதின்றியும் தொட்டியில் நன்கு வாழும். அலுத்துப்போன மீனைக் கடலிலோ களப்பிலோ விடுதலும் தவறு. பிறநாட்டு இனமும் பிறநாட்டு நோயும் அவ்வழியே பரவும்.

கடல்நீர்த் தொட்டி வருவாய் தரும் தொழிலன்று. கடன்பட்டு இதனைத் தொடங்குதல் தகாது. செலவு குறைய விரும்புவோர் நன்னீர் மீனில் தொடங்கலாம்.

10. நினைவிலிருத்த வேண்டியவை

தொட்டி பழுக்கும்வரை மீனை வாங்காதீர்.
கறியுப்பைப் பயன்படுத்தாதீர்.
ஆவியான நீருக்குப் பதிலாக நன்னீரே ஊற்றுக.
சாந்தமான மீனை முன்னும் சண்டைக்கார மீனைப் பின்னும் விடுக.
குறைய உணவிடுக, தவறாது நீர் மாற்றுக.
மருந்து பட்ட கையையும் வாளியையும் தொட்டிக்கு அணுகவிடாதீர்.

நன்கு பேணப்படும் டாம்செல் மீன் பல ஆண்டுகள் வாழும். முதல் ஆறு கிழமையும் வெறுந்தொட்டியைப் பார்த்திருப்பது சிறுவர்க்குச் சலிப்பாயிருக்கும். விதைத்த வயலும் முதலிற் சில நாட்கள் வெறும் சேறாகவே தோன்றும் என்பதை அவர்க்கு எடுத்துக் கூறுக. நீரைச் சோதித்துக் கொப்பியில் எழுதும் வேலையை அவர் கையிலேயே ஒப்படைக்கலாம்.